வானத்தில் குதிப்பவருக்கு இரண்டாவது கண் வேண்டும்!

பதின்மூன்றாயிரம் அடி உயரம். சிறிய விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கிறது. அதன் கதவு திறக்கிறது. குளிர்காற்று முகத்தில் அறைகிறது. கீழே வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. சாலையில் போகும் லாரி எறும்பு போல் ஊர்கிறது.

கதவருகே நின்றவர் வெளியே குதிக்கிறார்!

அவரை யாரும் தள்ளவில்லை. விமானத்தில் தீப்பிடிக்கவும் இல்லை. அவர் ராணுவ வீரரும் அல்ல. வாரம் முழுவதும் ஆபீசில் கணக்கு எழுதுகிறவராக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவராகவும் இருக்கலாம். விடுமுறை நாள் வந்தால் இதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. இதற்காகக் கைக்காசைச் செலவு செய்கிறார்.

"இது என்ன பைத்தியக்காரத்தனம்? பெண்டாட்டி, பிள்ளைகள் உள்ளவர் செய்கிற காரியமா இது?" என்று கேட்கத் தோன்றும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் அவ்வளவு சுலபமானது அல்ல. அமெரிக்காவில் 2023-ம் ஆண்டில் மட்டும் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் தடவை மக்கள் இப்படிக் குதித்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் 10 பேர். 1970-களில் குதித்தவர்கள் இதைவிட மிகக் குறைவு. ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அப்படியானால் இடையில் என்ன நடந்தது? மனிதர்களுக்குத் துணிச்சல் அதிகமாகிவிட்டதா? இல்லை. துணிச்சல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. சோதனை செய்யும் பழக்கம்தான் அதிகமாகியிருக்கிறது. தன் கண்ணை மட்டும் நம்பாமல், இன்னொரு கண்ணையும் துணைக்கு வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். சில சமயம் அது நண்பரின் கண். சில சமயம் அது ஒரு கருவியின் கண். சில சமயம் காமிராவின் கண்!

விழுவது எப்படி?

விமானத்தை விட்டுக் குதித்தவர் உடனே பாராசூட்டைத் திறப்பதில்லை. முதலில் சும்மா விழுகிறார். வயிறு கீழே இருக்கும்படி, கைகால்களை விரித்து, தவளை போலக் காற்றின்மேல் படுத்துக்கொள்கிறார். பத்துப் பன்னிரண்டு வினாடிகளில் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. அதற்குமேல் வேகம் ஏறுவதில்லை. காற்று கீழிருந்து தாங்குவதே காரணம்.

இப்படிச் சுமார் ஒரு நிமிடம் விழலாம். தரைக்கு மேல் 3,000 அடி, 4,000 அடி இருக்கும்போது பாராசூட்டைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால்? 3,000 அடி உயரத்திலிருந்து தரைக்கு வந்து சேர 17 வினாடிதான்! ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம்.

அந்த 17 வினாடிக்குள் செய்யவேண்டியதை எல்லாம் அந்த 17 வினாடியில் யோசிக்க முடியாது. முன்பே யோசித்து, முன்பே பழகி இருக்க வேண்டும். இந்த விளையாட்டின் ரகசியம் முழுவதும் இதுதான்.

மைதானத்தில் ஒரு நாள்

குதிக்கும் மைதானத்தில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். பெரிய விமானக் கொட்டகை இருக்கும். தரையில் கம்பளம் விரித்திருப்பார்கள். அதன்மேல் முழங்காலிட்டு, ஆண்களும் பெண்களும் பாராசூட் மடித்துக்கொண்டிருப்பார்கள். பட்டுப்புடவை மடிப்பதைவிட அதிகக் கவனத்துடன் மடிக்க வேண்டும். ஒரு கயிறு மாறிப் போனாலும் ஆபத்து.

வானத்தில் இருப்பது ஒரு நிமிடம். மைதானத்தில் இருப்பதோ ஒரு நாள் முழுவதும்! காற்று பலமாக அடித்தால் காத்திருக்க வேண்டும். மேகம் மூடினால் காத்திருக்க வேண்டும். சில நாள் காலையிலிருந்து மாலை வரை காத்திருந்து, ஒரு தடவைகூடக் குதிக்காமல் வீடு திரும்புவார்கள்.

புதிதாக வருபவர் முதலில் ஆசிரியருடன் சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிப்பார். பிறகு பாடம் படித்துத் தனியாகக் குதிக்கக் கற்பார். அமெரிக்காவில் முதல் படி லைசென்சு வாங்க 25 தடவையாவது குதித்திருக்க வேண்டும். ஒவ்வொரு குதிப்பையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

அவர்களுக்குள் வேடிக்கையான வழக்கம் ஒன்று உண்டு. எதையாவது முதல் முதலாகச் செய்தவர், கூட்டாளிகளுக்கு விருந்து வைக்க வேண்டும். முதல் தடவை தனியாகக் குதித்தாலும் விருந்து. பாராசூட் சரியாகத் திறக்காமல் தப்பி வந்தாலும் விருந்து! அவர்கள் வாங்கித் தருவது பெரும்பாலும் பீர்தான். ஆனால் அன்றைய கடைசி விமானம் இறங்கும் வரை அதை யாரும் தொடக்கூடாது என்பது கண்டிப்பான விதி.

முதுகில் இருப்பது என்ன?

பாராசூட் என்றதும் வட்டமான பெரிய குடைதான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1797-ம் ஆண்டு அக்டோபர் 22-ந்தேதி, பாரிஸ் நகரத்தில் கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் பலூனில் ஏறிப்போய், துணிக்குடையுடன் இறங்கினார். குடை ஊஞ்சல் போல ஆடிய ஆட்டத்தில் அவருக்குக் குடலே கலங்கிவிட்டது. ஆனாலும் உயிருடன் தரை சேர்ந்தார்.

"வானத்தில் விழுகிறவனுக்கு மூச்சு நின்றுவிடும், நினைவு போய்விடும், கை அசையாது" என்றுதான் வெகுகாலம் பலரும் நம்பினார்கள். 1919-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி, லெஸ்லி இர்வின் என்ற அமெரிக்கர் அந்தப் பயத்தைப் போக்கினார். ஓஹையோ மாநிலத்தில் விமானத்திலிருந்து குதித்து, சிறிது தூரம் சும்மா விழுந்து, தன் கையாலேயே பாராசூட்டைத் திறந்தார். இறங்கும்போது அவருடைய கணுக்கால் முறிந்தது. ஆனால் கை அசையும் என்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

இன்றைய பாராசூட் குடை போல் இல்லை. மெத்தை போல் நீளச் சதுரமாக இருக்கிறது. 1964-ல் டொமினா ஜால்பெர்ட் என்பவர் கண்டுபிடித்த முறை இது. துணியில் வரிசையாக அறைகள் இருக்கும். முன்பக்கத்தில் காற்று நுழைந்து அறைகள் உப்பும். உப்பியதும் அது ஒரு சிறகாக ஆகிவிடும். இரண்டு கயிறுகளை இழுத்து, சைக்கிளைத் திருப்புவதுபோல் இடமும் வலமும் திருப்பலாம்.

முதுகுப் பையில் இப்படி இரண்டு பாராசூட்டுகள் இருக்கின்றன. ஒன்று வழக்கமாகத் திறப்பது. இன்னொன்று ஆபத்துக்கு உதவுவது. முதலாவதைக் குதிப்பவரே மடித்துக்கொள்ளலாம். இரண்டாவதை அப்படி மடிக்க முடியாது. அதற்கென்று பரீட்சை எழுதி லைசென்சு பெற்றவர்தான் மடிக்க வேண்டும். அவர் மடித்து, ஈய முத்திரை வைத்துக் கொடுப்பார். அமெரிக்கச் சட்டப்படி 180 நாளுக்கு ஒரு தடவை அதைப் பிரித்துப் பார்த்து மறுபடியும் மடிக்க வேண்டும். ஒரு தடவைகூட உபயோகிக்காமல் இருந்தாலும் மடிக்க வேண்டும்!

இதுதான் முதல் "இரண்டாவது கண்". உயிரைக் காக்கும் கடைசிப் பாராசூட்டைச் சொந்தக்காரரே மடித்துக்கொள்ளச் சட்டம் விடவில்லை. "எனக்குத் தெரியாதா?" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கோளாறுகள் பலவிதம்

பாராசூட்டில் வரும் கோளாறுகள் பலவிதம்.

கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வது சாதாரணமாக நடப்பது. கிணற்றுக் கயிறு முறுக்குவதைப் போலத்தான். அப்போது கயிறுகளை இரண்டு பக்கமும் அகட்டிப் பிடித்து, காலை உதைத்துச் சுழல வேண்டும். முறுக்கு அவிழ்ந்துவிடும்.

ஒரு கயிறு துணியின் மேலே மாட்டிக்கொள்வது பெரிய ஆபத்து. பாராசூட் பாதிதான் விரியும். ஆளைச் சுழற்றி அடிக்கும். அதைச் சரி செய்யப் பார்த்துக்கொண்டே இருந்தால் தரை வந்துவிடும். உடனே அதை அறுத்துவிட்டு, இரண்டாவதைத் திறக்க வேண்டும்.

அறுப்பதற்குக் கத்தி வேண்டியதில்லை. தோளில் மூன்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்திருக்கும். பெரிய வளையத்தில் இருக்கும் பாரம், சின்ன வளையத்துக்கு வரும்போது மிகவும் குறைந்துவிடும். அதனால் ஒரு கைப்பிடியை இழுத்த உடனே பாராசூட் கழன்று போய்விடும். பில் பூத் என்ற அமெரிக்கர் 1970-களில் கண்டுபிடித்த இந்த மூன்று வளையம், எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமல் காத்திருக்கிறது.

இவை எல்லாம் வானத்தில் நடப்பவை. ஆனால் பல கோளாறுகளுக்கு விதை தரையிலேயே போடப்படுகிறது. தொடையில் கட்டும் வாரை இறுக்க மறந்துவிடுவது; மார்பு வாரைக் கொக்கியில் தவறாகக் கோப்பது; கைப்பிடி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பாராமல் விமானத்தில் ஏறுவது. இந்த மூன்றாவது மிகவும் கொடியது. அந்தக் கைப்பிடி விமானத்துக்குள் எதிலாவது உரசினால், திறந்த கதவருகே பாராசூட் வெளியே பாய்ந்துவிடும். குதிப்பவருக்கு மட்டும் அல்ல, விமானத்தில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து!

அதனால்தான் "மூன்று மூன்றாகப் பார்" என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்று வளையம் சரியா? உடலில் கட்டும் மூன்று வார்கள் — மார்பு ஒன்று, தொடை இரண்டு — சரியா? மூன்று கைப்பிடிகள் சரியா? முதுகில் மாட்டுமுன் ஒரு தடவை, விமானத்தில் ஏறுமுன் ஒரு தடவை, குதிக்குமுன் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பையை மூடிவைக்கும் ஊசிகள் முதுகுப்பக்கம் இருக்கின்றன. தன் முதுகை யாராலும் பார்க்க முடியாது. ஆகவே பக்கத்தில் உள்ளவரைத்தான் "கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்க வேண்டும். ஆயிரம் தடவை குதித்தவரும் கேட்க வேண்டும். நேற்று வந்தவரும் கேட்க வேண்டும்.

பாராசூட் இல்லாமல் குதித்த இருவர்

கேட்காததால் என்ன ஆகும்? 1988-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் ஒரு துயரச் சம்பவம் நடந்தது. குதித்தவருக்கு வயது 35. எண்ணூறு தடவைக்கு மேல் குதித்தவர். ஓர் ஆசிரியரும் மாணவரும் குதிப்பதைப் படம் பிடிப்பதற்காக அவர் கூடவே குதித்தார். அந்தக் காலத்து வீடியோ காமிரா பெரியது. அதன் சாமான்களும் கனமானவை. உடம்பில் பாரம் இருந்தது. வேலையில் கவனம் இருந்தது.

பாராசூட் மட்டும் இல்லை!

மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார். மற்றவர்களின் பாராசூட் திறந்ததும், தன்னுடையதைத் திறக்கக் கையைக் கொண்டுபோன பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போது என்ன செய்ய முடியும்?

அவருக்கு அனுபவம் இல்லையா? இருந்தது. துணிச்சல் இல்லையா? இருந்தது. விமானத்தில் வேறு ஆட்கள் இல்லையா? இருந்தார்கள். "முதுகைக் கொஞ்சம் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் உயிருடன் வீடு திரும்பியிருப்பார். எண்ணூறு தடவை செய்த காரியம் என்பதே அவருக்கு எமனாக வந்தது.

இதே அமெரிக்காவில் 2016-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி இன்னொருவர் பாராசூட் இல்லாமல் குதித்தார். அவர் பெயர் லூக் அய்க்கின்ஸ். அவர் மறந்து குதிக்கவில்லை; வேண்டுமென்றே குதித்தார். கலிபோர்னியாவில் 25,000 அடி உயரத்திலிருந்து விழுந்து, சுமார் 100 அடி நீளம், 100 அடி அகலம் உள்ள வலையில் வந்து சேர்ந்தார். மனைவியும் மகனும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நொடியில் புரண்டு, முதுகு வலையில் படும்படி விழுந்தார். எழுந்து நடந்தார்!

அவர் அதற்குமுன் சுமார் 18,000 தடவை குதித்தவர். வலையைத் தூக்கிக் கட்டி, கனமான பொருள்களைப் போட்டுப் பார்த்துச் சோதித்தார்கள். சரியான பாதையில் வருகிறாரா என்று காட்ட விளக்குகள் வைத்தார்கள். மூன்று பேர் அவருடன் சேர்ந்து குதித்தார்கள்.

அய்க்கின்ஸ் செய்தது மற்றவர்கள் பார்த்துச் செய்யவேண்டிய காரியம் அல்ல. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் பாராசூட் இல்லை. ஒருவரை யாருமே சோதிக்கவில்லை. இன்னொருவரைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று சோதித்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அது உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம்.

கருவி காத்த உயிர்

1959-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அமெரிக்க விமானப் படையைச் சேர்ந்த ஜோ கிட்டிங்கர் 76,000 அடிக்கு மேலே பலூனிலிருந்து குதித்தார். முதலில் திறக்கவேண்டிய சின்னப் பாராசூட் நேரத்துக்கு முன்பே வெளிவந்தது. அதன் கயிறு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. பம்பரம் போலச் சுழன்றார். நினைவு போய்விட்டது. அவர் கையால் எதுவும் செய்ய முடியாத நிலை!

ஆனால் தானாகவே திறக்கும்படி அமைத்திருந்த பாராசூட் குறித்த உயரத்தில் திறந்தது. கிட்டிங்கர் பிழைத்தார்.

மறு ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதி அவர் 1,02,800 அடி உயரத்திலிருந்து குதித்து உலகப் புகழ் பெற்றார். அன்று மேலே போகும்போதே அவருடைய வலது கை உறையில் கோளாறு ஏற்பட்டது. கை வீங்கியது. தரையில் உள்ளவர்களிடம் சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று அதை மறைத்தார். நல்ல வேளையாகக் கை பிறகு சரியாகிவிட்டது. அவருடைய வீரத்தை உலகம் பாராட்டுகிறது. பாராட்டலாம். ஆனால் கோளாறை மறைத்ததைப் பாராட்ட முடியாது. அன்று அவரைக் காத்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி மைதானம் நடத்த முடியாது.

தானே இயங்கும் கருவிகள் வெகுகாலமாக இருந்தாலும், பழைய குதிப்பவர்கள் அவற்றை விரும்பவில்லை. "அது மாணவர்களுக்கு, எங்களுக்கு எதற்கு?" என்றார்கள். பழைய கருவிகள் சில வேளை தவறான நேரத்தில் வேலை செய்ததும் உண்மை. 1991-ல் ஜெர்மனியில் ஹெல்முட் குளோத் "சைப்பிரஸ்" என்ற கருவியைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு மெள்ள மெள்ள மாறியது.

கைக்கு அடக்கமான அந்தக் கருவி பைக்குள் இருக்கும். காற்றின் அழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். தரைக்குமேல் சுமார் 750 அடி உயரத்திலும் ஒருவர் அதிவேகமாக விழுந்துகொண்டிருந்தால், "இவருக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று அதற்குத் தெரிந்துவிடும். உடனே இரண்டாவது பாராசூட்டை மூடியிருக்கும் நாடாவை வெட்டிவிடும். பாராசூட் திறக்கும்! தரைக்கு இன்னும் நான்கு வினாடிதான் இருக்கும்போது வந்து உதவும் கை அது.

அப்படியானால் இனிக் கவலை இல்லையா? கருவி பார்த்துக்கொள்ளுமா?

இப்படி நினைப்பதுதான் புதிய ஆபத்து! கருவியைக் காலையில் மறக்காமல் முடுக்க வேண்டும். ஏறும் இடமும் இறங்கும் இடமும் வேறு வேறு உயரத்தில் இருந்தால் அதற்குச் சொல்ல வேண்டும். தொடை வாரை அது இறுக்கித் தராது. கயிறு முறுக்கை அது அவிழ்க்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாராசூட் நன்றாகத் திறந்தபிறகு நடக்கும் விபத்துகளை அது தடுக்காது. இந்தக் காலத்தில் குதிப்பவர்கள் பலர் இறப்பது பாராசூட் திறக்காததால் அல்ல. நன்றாகத் திறந்த பாராசூட்டில், தரைக்கு அருகில் வந்தபின், வேகமாகத் திருப்பி மோதி இறக்கிறார்கள். சின்னச் சிறகு, பெரிய வேகம், கொஞ்சம் வீம்பு. மூன்றும் சேர்ந்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

வானத்தில் ஒரு கோலம்

குதிப்பவர்கள் தனித்தனியாக விழுவதோடு நிற்பதில்லை. கூட்டமாகக் குதித்து, ஒருவர் கையையும் காலையும் மற்றவர் பிடித்து, வானத்தில் வடிவங்கள் அமைக்கிறார்கள். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதுபோல், மனிதர்களையே புள்ளிகளாக வைத்துப் போடும் கோலம் இது. ஒரு கோலம் அமைந்ததும் கலைத்துவிட்டு அடுத்த கோலம் போட வேண்டும்.

இதற்கு உலகப் போட்டி உண்டு. நால்வர் குழுவுக்கு 35 வினாடி நேரம். எண்மர் குழுவுக்கு 50 வினாடி. எந்த எந்த வடிவம், எந்த வரிசையில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முன்பே சொல்லிவிடுவார்கள். சரியான வடிவம் ஒன்றுக்கு ஒரு புள்ளி. முதல் வரிசைக் குழுக்கள் 35 வினாடிக்குள் 20 புள்ளிக்கு மேல் எடுத்துவிடுகின்றன!

இந்த வேகம் வானத்தில் மட்டும் பழகி வருவதில்லை. சக்கரம் வைத்த பலகைகளில் குப்புறப் படுத்து, தரையில் உருண்டு உருண்டு ஒத்திகை பார்க்கிறார்கள். பெரிய மனிதர்கள் குழந்தைகளைப் போலத் தவழ்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் தரையில் தவழாதவர் வானத்தில் தடுமாறுவார்.

சரி, பத்தாயிரம் அடி உயரத்தில் நடப்பதற்கு யார் நீதிபதி? கபடி ஆட்டத்தில் நடுவர் கோட்டருகே நிற்பார். இங்கே நடுவர் எங்கே நிற்பது?

ஐந்தாவது ஆள் ஒருவர் தலையில் காமிராவுடன் கூடவே குதிக்கிறார். குழுவுக்கு மேலே இருந்துகொண்டு, விழுந்தபடியே படம் பிடிக்கிறார். தரை வந்ததும் அந்தப் படம் நடுவர்களிடம் போகிறது. அங்கேதான் கம்ப்யூட்டர் வேலை செய்கிறது. முதல் ஆள் விமானத்தை விட்டதும் கணக்குத் தொடங்குகிறது. 35-வது வினாடியில் படம் நிற்கிறது. நடுவர்கள் ஒவ்வொரு வடிவத்துக்கும் பொத்தானை அழுத்துகிறார்கள். எந்த நடுவர் எதைச் சரி என்றார், எதைத் தவறு என்றார் என்பதை எல்லாம் சாப்ட்வேர் சேர்த்துப் பார்த்து, பெரும்பான்மைப்படி புள்ளி போடுகிறது. காமிராவில் தெரியாத பிடி, பிடித்திருந்தாலும் கணக்கில் சேராது.

"கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் தீர்ப்புச் சொல்லிவிடலாமே! மனிதர் எதற்கு?" என்று கேட்கலாம். மனிதர் வேண்டும். ஒருவர் கை இன்னொருவர் காலைப் பிடித்ததா, வெறுமனே தொட்டதா? அந்தக் கணம் காமிரா கொஞ்சம் சாய்ந்திருந்ததா? இதைப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். சாப்ட்வேர் நேரத்தைக் காட்டும், கூட்டிச் சொல்லும், மறக்காது, கட்சி சேராது. ஆனால் பிடித்ததா, இல்லையா என்று சொல்வது நடுவரின் கண். இரண்டும் சேர்ந்ததுதான் நல்ல தீர்ப்பு.

இந்தச் சாப்ட்வேரால் இன்னொரு நன்மையும் உண்டு. பயிற்சியின்போது குழுக்கள் தங்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கின்றன. "நான் சரியாகத்தான் பிடித்தேன், அவர்தான் பிந்தினார்" என்று ஒருவர் சொல்வார். படம் வேறு கதை சொல்லும்! பிந்தியது அவர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சண்டை முடிந்துவிடும். அடுத்த தடவை அவர் திருத்திக்கொள்வார். மனிதரின் அகம்பாவத்தைக் குறைக்கும் மருந்து அது.

2006-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந்தேதி தாய்லாந்தில் உடோன் தானி என்ற இடத்தில் 400 பேர் ஒன்றாகச் சேர்ந்து வானத்தில் ஒரே கோலம் போட்டார்கள். ஐந்து பெரிய ராணுவ விமானங்களில் ஏறி, 25,000 அடிக்கு மேலே போய்க் குதித்தார்கள். அந்தக் கோலம் நிலைத்து நின்றது 4.25 வினாடி! 400 பேரில் யார், யாருடைய கையை, எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதை முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் தவறிப் பிடித்திருந்தாலும் சாதனை கிடையாது. அங்கே பெரிய வீரர், சின்ன வீரர் என்று யாரும் இல்லை. எல்லோரும் ஒரு புள்ளிதான்.

என்ன செய்ய வேண்டும்?

வானத்தில் குதிப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஆபத்து இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தடை செய்தால் கடலில் நீந்த முடியாது. மலை ஏற முடியாது. தன் உயிருக்குத் தானே பொறுப்பேற்று, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, மற்றவருக்குத் தீங்கு வராமல் ஒருவர் வானத்தில் குதித்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் "என் உயிர், என் இஷ்டம்" என்ற பேச்சையும் ஒப்புக்கொள்ள முடியாது. கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தால் விமானத்தில் இருப்பவர் அத்தனை பேருக்கும் ஆபத்து. வீட்டில் காத்திருக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் அந்த உயிரில் பங்கு உண்டு.

ஆகவே செய்யவேண்டியவை சில உண்டு. விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரையும் இன்னொருவர் சோதிக்க வேண்டும். குதித்த தடவையைச் சொல்லி யாரும் இதிலிருந்து விலக்குக் கேட்கக்கூடாது. அதிகம் குதித்தவரைத்தான் அதிகமாகச் சோதிக்க வேண்டும். ஏனென்றால் அவருக்குத்தான் அலட்சியம் வரும். காமிராவுக்கும் அவசரப்படக்கூடாது. 200 தடவை குதித்த பிறகே காமிராவைத் தொடலாம் என்று அமெரிக்கப் பாராசூட் சங்கம் ஆலோசனை சொல்கிறது. அதை ஒவ்வொரு மைதானமும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். வானத்தில் கோலம் போடுவதைப் படம் எடுத்துப் பார்த்துத் திருத்துவதுபோல், தரையில் இறங்குவதையும் படம் எடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். புள்ளி வாங்குவதற்குக் காட்டும் அக்கறையை உயிருக்கும் காட்டவேண்டாமா?

கருவிகள் வரட்டும். சாப்ட்வேர் வரட்டும். இன்னும் புதிது புதிதாக வரட்டும். அவை மனிதரின் கையைச் சோம்பேறி ஆக்காமல், மனிதரின் கண்ணைக் கூர்மையாக்க வேண்டும்.

காற்று பலமாக அடிக்கிறது என்று, ஏறிய விமானத்திலேயே குதிக்காமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் கோழை என்று கேலி செய்கிற மைதானம் உருப்படாது. "வாருங்கள்! நல்ல காரியம் செய்தீர்கள். நாளைக்குக் குதிக்கலாம்" என்று சொல்லி வரவேற்கிற மைதானம்தான் நல்ல மைதானம். வீரர்கள் அங்கேதான் நெடுநாள் வாழ்வார்கள்.